கேழ்வரகு பாக்கெட்டில் கோதுமை மாவு: குளூட்டன் விவரம் தெளிவாக அச்சிடப்பட வேண்டும்

கடைகளுக்கு வரும் சிறுதானிய மாவு, அவல், சேமியா, பிஸ்கட் பாக்கெட்டுகளில் "குளூட்டன் இல்லாதது" என்ற சொல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதை இப்போது அதிகமாகக் காணலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே சொல்லைத் தங்கள் பாக்கெட்டுகளில் போட்டுக் கொள்கின்றன. அடுத்தவர் பாக்கெட்டில் இருக்கிறது, நம் பாக்கெட்டிலும் இருக்கட்டும் என்ற அளவிலேயே சில இடங்களில் இது நடக்கிறது. ஆனால் இது விளம்பரச் சொல் அல்ல. சட்டத்தில் அளவு குறிக்கப்பட்ட சொல். இந்தச் சொல்லை நம்பியே ஒரு பாக்கெட்டை வாங்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாக்கெட்டின் மேலுள்ள எழுத்தைத் தவிர வேறு காவல் இல்லை. கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, கம்பு, சோளம் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு நல்ல விலை தரக்கூடிய சந்தை இது. எனவே இச்சொல்லின் பொருளையும், அதைப் போட்டுக்கொள்ளும் தகுதி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதையும் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

குளூட்டன் என்பது என்ன?

ஒரு கைப்பிடி கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்து கொண்டே இருந்தால் மாவுச்சத்து பால்போல் கரைந்து வெளியேறும். தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றிய பின் கையில் ரப்பர் போன்ற பழுப்பு நிறப் பிசின் ஒன்று எஞ்சி நிற்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இதுவே குளூட்டன். பரோட்டா மாவை விசிறி வீச முடிவதும், ரொட்டி உப்பி எழுவதும் இதனால்தான். கேழ்வரகு மாவை எவ்வளவு பிசைந்து கழுவினாலும் இப்படி எதுவும் எஞ்சாது. கேழ்வரகைக் களியாகவும் கூழாகவும் அடையாகவும் செய்கிறார்களே தவிரப் பரோட்டாவாக வீசுவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

கோதுமையில் கிளையாடின், குளூட்டெனின் என்ற இருவகைப் புரதங்கள் சேர்ந்து குளூட்டன் ஆகின்றன. பார்லியிலும் ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்திலும் இதை ஒத்த புரதங்கள் உள்ளன. மைதா, ரவை, சேமியா, கோதுமைக் குருணை எல்லாம் கோதுமையே. சம்பா கோதுமை பழைய ரகம் என்பதால் அதில் குளூட்டன் இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. சம்பா கோதுமை வேறு இனத்தைச் சேர்ந்தது. சர்க்கரை நோயாளிகள் அதைத் தேடி வாங்குவதும் உண்டு. ஆனால் அதிலும் குளூட்டன் இருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்குச் சம்பா ரவை உப்புமா கொடுப்பது தீங்கானது.

யாருக்குத் தீங்கு?

பெரும்பாலோருக்குக் குளூட்டனால் எந்தக் கெடுதலும் கிடையாது. கோதுமையே நஞ்சு என்று கிளம்பியிருக்கும் பேச்சில் பொருள் இல்லை. சிறுதானியத்தை விற்பதற்காகக் கோதுமையைப் பழிக்க வேண்டிய தேவையும் இல்லை. கெடுதல் யாருக்கென்றால், சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு. இவர்கள் உடலில் குளூட்டன் சேரும்போது உடலின் எதிர்ப்பாற்றல் திசைமாறித் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. உணவுச் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து தட்டையாகி விடுகின்றன. குழந்தை நன்றாகச் சாப்பிட்டும் தேறாமல் போகும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வளர்ச்சிக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் தீராத இரத்தசோகை, எலும்பு பலவீனம் ஆகியவை இதன் அறிகுறிகள். வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லாமல் இரத்தசோகை மட்டும் காட்டும் நோயாளிகளும் உண்டு.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெ. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டிக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ஊரெல்லாம் பசியால் வாடியபோது இந்நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறியதும், மீண்டும் ரொட்டி கிடைத்தபோது அவர்கள் மறுபடியும் நலிந்ததும் அவர் போருக்கு முன்பிருந்தே கொண்டிருந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை அளித்தார். அன்று தொட்டு இன்று வரை இந்நோய்க்கு மருந்து குளூட்டன் இல்லாத உணவு ஒன்றே. அதுவும் ஆயுள் முழுவதும்.

இந்தியாவில் இந்நோய் கோதுமை உண்ணும் வட மாநிலங்களில் அதிகம். 2016இல் வெளியான ஆய்வு ஒன்று வட இந்தியாவில் பெரியவர்களிடையே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தென்னிந்தியாவில் 0.10 பேருக்கும் இந்நோய் இருப்பதாகக் கண்டது. இந்நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறு தெற்கிலும் குறைவாக இல்லை என்பதும், தெற்கத்தியர் உண்ணும் கோதுமையின் அளவே மிகக் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தன. இரவுச் சாப்பாட்டில் சப்பாத்தியும், டீக்கடையில் மைதா பிஸ்கட்டும், தெருமுனையில் பரோட்டாவும் கூடிக்கொண்டே போகும் தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு இப்படியே நிற்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயிரத்தில் ஒருவர் என்று வைத்துக் கொண்டாலும் அது சிறிய எண் அல்ல.

ஐயம் உள்ளவர்கள் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகக் கூடாது. இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் கோதுமை உண்டு கொண்டிருக்கும்போது செய்தால்தான் நோய் தெரியும். நிறுத்திய பின் செய்தால் நோய் மறைந்திருக்கும்.

இருபது மில்லி கிராம் என்னும் வரம்பு

"குளூட்டன் இல்லாதது" என்று எழுதுவதற்குச் சட்டம் வைத்துள்ள வரம்பு ஒரு கிலோ உணவில் 20 மில்லி கிராம் குளூட்டன். உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1979இல் இதற்கென ஒரு தரத்தை வெளியிட்டு, 2008இல் திருத்தியபோது இந்த வரம்பை வைத்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் இதையே ஏற்றுக்கொண்டுள்ளது. 20க்கு மேல் 100 மில்லி கிராம் வரை இருந்தால் "குறைந்த குளூட்டன்" என்று மட்டும் எழுதலாம். அத்தகைய உணவு சீலியாக் நோயாளிகளுக்குத் தீங்கு தரலாம் என்ற எச்சரிக்கையும் உடன் இருக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய அளவு ஏன் என்று தோன்றலாம். நாள்தோறும் 50 மில்லி கிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டாலே நோயாளியின் குடல் பழுதடைகிறது என்பது 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. ஒருவர் நாளொன்றுக்கு அரைக் கிலோ அளவு இத்தகைய உணவு உண்டால், கிலோவுக்கு 20 மில்லி கிராம் என்ற கணக்கில் அவர் உடலில் சேர்வது 10 மில்லி கிராம். இந்த இடைவெளிதான் அவருக்குள்ள பாதுகாப்பு.

இனி இதைக் களத்துக் கணக்காகப் பார்க்கலாம். கோதுமை மாவில் சுமார் 8 சதவீதம் குளூட்டன் என்று கொண்டால் ஒரு கிராம் கோதுமை மாவில் 80 மில்லி கிராம் குளூட்டன் இருக்கும். எனவே ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே வரம்பு எட்டி விடும். கால் கிராம் என்பது ஆறு கோதுமை மணியின் எடை. நூறு கிலோ மாவுக்கு 25 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி. விவசாயி விளைவித்த நூறு கிலோ சுத்தமான தானியத்தின் தகுதி ஒரு கைப்பிடி மாவில் போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006இன் கீழ் 2020இல் வெளியான லேபிள் விதிகளின்படி, ஒவ்வாமை தரும் பொருள்கள் பாக்கெட்டில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது குளூட்டன் உள்ள தானியங்கள். கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் ஆகியவையும் அவற்றிலிருந்து செய்யப்படும் பொருள்களும் இதில் அடங்கும். இவை உணவில் சேர்க்கப்பட்டிருந்தால் "உள்ளது" என்று எழுத வேண்டும். சேர்க்காவிட்டாலும் தொழிற்கூடத்தில் கலந்துவிட வாய்ப்பிருந்தால் "இருக்கக்கூடும்" என்று குறிக்க விதி இடமளிக்கிறது.

இந்த ஒரு செய்தியில் இந்திய விதி அமெரிக்கச் சட்டத்தைவிட விரிவானது என்றே சொல்லலாம். அங்கு 2004இல் இயற்றப்பட்டு 2006 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் கோதுமையைக் கட்டாயமாகக் குறிக்கச் சொன்னதே தவிர பார்லியையும் ரையையும் சேர்க்கவில்லை. 2013இல் அந்நாட்டு உணவு நிர்வாகம் "குளூட்டன் இல்லாதது" என்ற சொல்லுக்கு 20 மில்லி கிராம் வரம்பை விதித்தபோதும், அந்தச் சொல்லைப் போடுவது உற்பத்தியாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. பார்லி மால்ட் சேர்ந்த உணவில் "மால்ட்" என்ற ஒரு சொல்லைக் கொண்டு நோயாளியே ஊகித்துக் கொள்ள வேண்டிய நிலை. ஐரோப்பிய நாடுகளில் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி உட்பொருள் பட்டியலிலேயே கோதுமை, பார்லி போன்ற பெயர்கள் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ எடுப்பாகத் தெரியும்படி அச்சிடப்படுகின்றன. பார்த்தவுடன் கண்ணில் படுவதால் இந்த முறை சிறந்தது.

எழுத்து இருந்தும் தெரியாத நிலை

விதி நன்றாகவே இருக்கிறது. குறை எங்கே என்றால், அந்த எழுத்து யார் கண்ணில் பட வேண்டுமோ அவருக்குப் புரிவதில்லை. விதிப்படி லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழியில் கூடுதலாக அச்சிடத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ ஒரு கிராமத்துத் தாய், தன் குழந்தைக்குக் கோதுமை ஆகாது என்று மருத்துவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். பாக்கெட்டின் முகப்பில் கேழ்வரகுக் கதிரின் படம். பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், அவர் படிக்காத மொழியில், கோதுமை இருக்கிறது என்ற செய்தி. சட்டம் நிறைவேறி விட்டது. ஆனால் குழந்தையின் குடலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கேழ்வரகு பிஸ்கட், கேழ்வரகு சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோதான் முதல் பொருள். சேமியா இழையாக வருவதற்கும் பிஸ்கட் உதிராமல் நிற்பதற்கும் குளூட்டன் உதவுகிறது என்பதால் தொழில் முறையில் இதில் குற்றம் காண்பதற்கில்லை. உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முகப்பில் பெயரிட்டோ படமிட்டோ சிறப்பித்துக் காட்டும் பொருள் எத்தனை சதவீதம் என்பதையும் குறிக்க வேண்டும். ஆகவே பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு உண்மை தெரிந்து விடும். திருப்பிப் பார்த்தாலும் படிக்க முடியாதவருக்குத்தான் தெரியாது.

"மால்ட்" என்ற சொல்லும் குழப்பம் தருவது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி வறுத்து அரைத்த கேழ்வரகு மால்ட்டில் குளூட்டன் இல்லை. கடைகளில் விற்கும் பல சத்துப் பானங்களில் உள்ள மால்ட் பார்லியிலிருந்து வருவது; அதில் உண்டு. தானியத்தின் பெயரைச் சொல்லாமல் மால்ட் என்று மட்டும் எழுதினால் எது என்று எப்படித் தெரியும்? சத்துமாவும் அப்படியே. வீட்டுக்கு வீடு, குழுவுக்குக் குழு சேர்மானம் மாறும். பெரும்பாலான சத்துமாவில் கோதுமை சேர்கிறது. சிலவற்றில் பார்லியும் சேர்கிறது. சிறுதானியச் சத்துமாவு என்ற பெயரைப் பார்த்து அதில் கோதுமை இராது என்று நம்பி விடுகிறார்கள்.

பெருங்காயத்தில் மாவு

தமிழ்நாட்டுச் சமையலறையில் யாரும் சந்தேகிக்காத பொருள் பெருங்காயம். தூய பெருங்காயப் பிசின் மிகக் காரமானது. அதை அப்படியே யாரும் வாங்குவதில்லை. கடைகளில் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கருவேலம் பிசின் போன்ற உண்ணத்தக்க கோந்தும், மாவும் சேர்த்துச் செய்யப்படுவது. சட்டமே இதற்கு இடம் தருகிறது. அந்த மாவு பல சமயம் கோதுமை மாவு அல்லது மைதா. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது என்றாலும் கேட்டு வாங்குபவர் குறைவு.

ஒரு சிட்டிகை கால் கிராம், அதில் பாதி மைதா என்று கொண்டால் ஒரு பானைச் சாம்பாரில் சேரும் குளூட்டன் சுமார் 10 மில்லி கிராம். நான்கு பேர் பகிர்ந்து உண்டால் ஒருவருக்கு இரண்டரை மில்லி கிராம். இது பெரிய அளவு அல்ல. ஆனால் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், முறுக்கு, இட்லிப் பொடி என்று நாள் முழுதும் சேரும்போது, அரிசிச் சோறு மட்டுமே உண்டு வரும் நோயாளி ஏன் தேறவில்லை என்ற கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கக்கூடும்.

சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கும் மகளிர் குழுக்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகச் சேரும் கூட்டுப் பொருளின் உட்பொருள்களை வரிசையாக எழுத வேண்டியதில்லை என்ற சலுகை உண்டு. பொடியில் பெருங்காயம் அந்த அளவுக்குள்தான் இருக்கும். எனவே "கூட்டுப் பெருங்காயம்" என்று எழுதிவிட்டு அதற்குள் இருக்கும் மைதாவை மறந்து விடுகிறார்கள். ஆனால் ஒவ்வாமை அறிவிப்புக்கு இந்தச் சலுகை பொருந்தாது. வாங்கிய பெருங்காய டப்பாவின் லேபிளைப் படித்து, அதில் கோதுமை இருந்தால் பொடிப் பாக்கெட்டிலும் கோதுமை உள்ளது என்று எழுத வேண்டும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்துக்கு மாறிக் கொள்வது இன்னும் எளிது.

என்ன கேட்க வேண்டும்?

விற்பனை நடக்கும் மாநிலத்தின் மொழியில் ஒரே ஒரு வரி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே முதல் கோரிக்கையாக இருக்கத் தக்கது. முழு லேபிளையும் எல்லா மொழிகளிலும் அச்சிடுவது பெரிய நிறுவனங்களுக்கே சிரமம். "கோதுமை உள்ளது", "பார்லி உள்ளது" என்ற இரண்டு சொற்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. குளூட்டன் என்று மட்டும் எழுதினால் பலருக்குப் புரியாது. தானியத்தின் பெயரையே எழுத வேண்டும். முகப்பில் கேழ்வரகு என்று எந்த எழுத்தில் அச்சிடுகிறார்களோ, அதே முகப்பில் கோதுமை என்பதும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும்.

"இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கையை எதற்கும் போட்டு வைக்கும் பழக்கமும் பரவி வருகிறது. பரிசோதனை செய்யாமல், சுத்தம் செய்யாமல், அந்த ஒரு சொல்லைக் கேடயமாகப் பிடித்துக் கொள்வது எளிது. இதனால் நோயாளி வாங்கக்கூடிய பாக்கெட்டுகள் குறைந்து கொண்டே போகும். இல்லையேல் அவர் எச்சரிக்கையையே பொருட்படுத்தாமல் விட்டு விடுவார். எந்த அளவுக்கு மேல் கலப்பு இருந்தால் இச்சொல்லைப் போட வேண்டும் என்று வரையறுத்தால்தான் இது சீர்படும்.

தெளிவான லேபிள் சிறு உற்பத்தியாளருக்குச் சுமை என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. உண்மையில் மயக்கமான லேபிளால் இழப்பவர் சிறு விவசாயியே. பதினைந்து சதவீதம் கேழ்வரகு சேர்த்த பிஸ்கட்டும், முழுக் கேழ்வரகு மாவும் ஒரே கதிர்ப் படத்தோடு ஒரே அலமாரியில் நின்றால், முழுக் கேழ்வரகுக்கு உரிய விலை எப்படிக் கிடைக்கும்?

களத்திலிருந்து மில் வரை

வட மாநிலங்களில் ஒரே வயலில் ஒரு பருவம் கம்பு, மறு பருவம் கோதுமை. அறுவடை இயந்திரமும் கதிரடிக்கும் இயந்திரமும் பொது. தமிழ்நாட்டுச் சமவெளியில் கோதுமை விளைவதே இல்லை எனலாம். எனவே சாமையோ தினையோ வயலை விட்டுப் புறப்படும்போது கோதுமை கலப்பு ஏறக்குறைய இல்லை. இது இங்குள்ள விவசாயிக்கு இயற்கை தந்துள்ள வசதி. கலப்பு தொடங்குவது சாக்கிலும் மில்லிலும்.

கோதுமையோ மைதாவோ வந்த பழைய சாக்கைச் சிறுதானியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உதறினாலும் சணல் இழைகளுக்கிடையே மாவு தங்கும். நெல் வந்த சாக்கானால் குற்றமில்லை. களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைக்கும்போதும் அந்தத் தார்ப்பாய் எதற்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும்.

முழுக் கோதுமை மணி கலந்திருந்தால் சிறுதானியத்தில் அதைப் பிரிப்பது எளிது. கேழ்வரகு, சாமை, தினை மணிகள் கோதுமையைவிட மிகச் சிறியவை. தக்க கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் கோதுமை மேலே நின்று விடும். உடைந்த குருணை மட்டும் தப்பி இறங்கும். சோளத்தில் இந்த வசதி இல்லை. சோள மணியும் கோதுமை மணியும் பருமனில் நெருங்கியவை என்பதால் சல்லடை பயன்படாது. முறத்தில் போட்டுக் கையால் பொறுக்கத்தான் வேண்டும். எனவே சோளம் விற்பவர்கள் தொடக்கத்திலிருந்தே கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

உண்மையான தொல்லை மாவு மில்லில் இருக்கிறது. கிராமத்து மில்லில் காலையில் ரேஷன் கோதுமை அரைபடும், அடுத்து கேழ்வரகு, அதற்கடுத்து மிளகாய். மிளகாய் அரைத்த பின் உடனே அரிசி மாவு அரைக்க யாரும் சம்மதிப்பதில்லை. காரம் நாக்கில் தெரியும். கோதுமை நாக்கில் தெரியாது. அரைக்கும் தகடுகளின் இடுக்கிலும், மாவு இறங்கும் துணிக்குழாயிலும் 200 கிராம் கோதுமை மாவு தங்கியிருந்து, அடுத்து 10 கிலோ கேழ்வரகு அரைத்தால் அந்த மாவில் கிலோவுக்கு 1,600 மில்லி கிராம் குளூட்டன் சேரும். வரம்பைப் போல் 80 மடங்கு. அந்த மாவில் 200 கிராம் எடுத்துக் களி கிண்டினால் அதில் 320 மில்லி கிராம். தன் நிலத்தில் தானே விளைத்த கேழ்வரகை உண்டும் நோய் தீராத ஒருவருக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வீட்டு உபயோகத்துக்கு அரைப்பவர்கள், கோதுமை அரைபடாத வேளையாகப் பார்த்து, மில்லைத் திறந்து துலக்கச் செய்து, முதலில் இரண்டு மூன்று கிலோ நொய்யைப் போட்டு அரைத்து அந்த மாவை மாட்டுத் தீவனத்துக்கு ஒதுக்கி விடலாம். துணிக்குழாயைச் சொந்தமாக ஒன்று தைத்து எடுத்துப் போவது நல்லது. இதனால் கலப்பு வெகுவாகக் குறையும். ஆனால் 20 மில்லி கிராமுக்குள் வந்துவிடும் என்று உறுதி கூற முடியாது. நோயாளி உள்ள வீட்டில் ஒரு சிறு அரவை இயந்திரம் வைத்துக் கொள்வதே மேல்.

விற்பனைக்குச் செய்பவர்களுக்கு இந்தச் சமாதானமெல்லாம் போதாது. "குளூட்டன் இல்லாதது" என்று எழுத விரும்பும் குழு, கோதுமையே நுழையாத தனிக் கூடம், தனி உமி நீக்கும் இயந்திரம், தனி மில் ஆகியவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஒரு மூலையில் சத்துமாவுக்குக் கோதுமை அரைத்தால் காற்றில் பறக்கும் மாவு மறுமூலையில் வந்து படியும். வேலை செய்வோர் கோதுமை மாவு படிந்த உடையோடு வரக் கூடாது. மதியச் சாப்பாட்டில் வந்த சப்பாத்தியைக் கூடத்துக்குள் வைத்துப் பிரிக்கக் கூடாது.

பாக்கெட்டில் எதை எழுதலாம்?

கேழ்வரகு மாவு, சாமை அரிசி போன்ற ஒற்றைத் தானியப் பொருள்கள் இயற்கையிலேயே குளூட்டன் இல்லாதவை. கோடெக்ஸ் தரத்தின்படி இவற்றை நோயாளிகளுக்கென்று செய்த தனிச்சிறப்பான உணவாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இயல்பாகவே குளூட்டன் இல்லாதது என்று குறிப்பிடலாம். அப்படிக் குறிப்பிடும்போதும் 20 மில்லி கிராம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது மாறாது. இயல்பாகவே இல்லாதது என்பது கதிரில் இருக்கும்வரை சரி. மில்லுக்குப் போய் வந்த பிறகு பரிசோதித்துப் பார்த்தே சொல்ல முடியும்.

இதற்கான பரிசோதனை எலிசா முறையில் செய்யப்படுகிறது. தேசியத் தரச்சான்று பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடங்களில் மாதிரியைக் கொடுக்கலாம். கலப்பு மூட்டை முழுவதும் ஒரே சீராக இராது என்பதால் ஒரே இடத்தில் ஒரு கரண்டி அள்ளிக் கொடுப்பது தவறு. ஒரு தடவை அரைத்த மாவில் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் எடுத்து ஒன்றாகக் கலந்து அனுப்ப வேண்டும். மில்லின் முதல் மாவில்தான் கலப்பு அதிகம் என்பதால் அதைத் தனியாகவும் ஒரு முறை சோதித்துப் பார்ப்பது, சுத்தம் செய்யும் முறை சரியா என்று காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு அரவைக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட்டு, கால் கிலோ மாதிரியை விற்பனைக் காலம் முடியும்வரை மூடி வைத்திருக்க வேண்டும். புகார் வந்தால் எந்த நாள் அரவை என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

தனிக் கூடத்துக்கும் பரிசோதனைக்கும் வசதி இல்லாத குழுக்கள் அந்தச் சொல்லை விட்டு விடுவதில் இழப்பு ஒன்றுமில்லை. நார்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து என்று சொல்லிக் கொள்ளக் கேழ்வரகுக்கு வேறு பெருமைகள் இருக்கின்றன. அத்தகைய குழுக்கள் "இதே இடத்தில் கோதுமையும் அரைக்கப்படுகிறது" என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் போதும். விதியில் உள்ள ஆங்கில எச்சரிக்கையும் அருகிலேயே இருக்கட்டும். தமிழில் கூடுதலாக அச்சிட எந்த அனுமதியும் தேவையில்லை. சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை பாக்கெட் அச்சடிக்கக் கொடுக்கும்போதே சேர்த்துக் கொள்ளலாம். ஏற்கெனவே அச்சடித்த பாக்கெட்டுகள் மீதமிருந்தால் சிறு ஒட்டுச் சீட்டாக அடித்து, பொருளின் பெயருக்குக் கீழே, தேதியும் விலையும் மறையாதபடி ஒட்டலாம்.

வாங்கும் பொருளில் லேபிளுக்கு மாறாகக் கோதுமை கலந்திருப்பதாகத் தெரிந்தால் மாவட்டத்தில் உள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். பாக்கெட்டையும் கடைக்காரர் கொடுத்த ரசீதையும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். பாக்கெட்டின் மேல் உள்ள 14 இலக்க உரிம எண்ணும் அரவை எண்ணும் புகாரில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.